வளைவின் கணக்கு: ஓடும் நீரில் மெல்லிய செடிகள்

(பிரிக்பீல்ட்ஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்தப்பட்ட அச்சு வடிவம்)



இலக்கியமும் வரலாறும் பேசி வந்த மேடை இது. ஒரு நீரியல் பொறியாளனை அழைத்து, உங்களுக்குப் பிடித்த பொருளில் பேசுங்கள் என்று சொன்னீர்கள். எனக்குப் பிடித்த பொருள், ஓடும் நீருக்கடியில் வேர்விட்டு அந்த ஓட்டத்தோடு வளைந்தாடும் செடிகள். அவை எப்படி அசைகின்றன, அந்த அசைவு நீரை என்ன செய்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இதைப் பேசுவதற்குக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பொருத்தமான இடம். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துச் சூறையாடின. அத்தாப்பு ஓலைக் கூரை வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுங்கள் என்று உத்தரவு வந்தபோது, செங்கல் சுட இங்கேயிருந்த களிமண்தான் கைகொடுத்தது. ஊரைக் கட்டிய மண்ணும் ஊரை மூழ்கடித்த நீரும் ஒரே ஆற்றங்கரையைச் சேர்ந்தவை. அந்தக் கிள்ளான் ஆறு இப்போது நமக்குப் பக்கத்திலேயே, இருபுறமும் கான்கிரீட் சுவருக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வழியில் செடி இல்லை. இருக்கக் கூடாது என்றே அப்படிக் கட்டினோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மெல்லிய செடி நீரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு ஒற்றை எண் கிடையாது. நீர் மெதுவாக வரும்போது அது நிமிர்ந்து நின்று அதிகம் தடுக்கிறது. நீர் விரைந்து வரும்போது படுத்துக்கொண்டு குறைவாகத் தடுக்கிறது. வடிகாலுக்கு நாம் வேண்டும் குணமும் அதுவே. செடியை அடைப்பு என்று மட்டுமே எண்ணி வடிகால் வரையும் பழக்கம் இந்தக் குணத்தை வீணாக்கிவிட்டது. இதை ஐந்து குறிப்புகளாக விரிக்கிறேன்.

1

முதலில் விசை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நொடிக்கு ஒரு மீட்டர் என்பது ஆற்றுக்குப் பெரிய வேகம் இல்லை. கரையில் நிதானமாக நடப்பவர் அதை முந்திவிடுவார். ஆனால் அந்த நீர் ஒரு தண்டின்மேல் செலுத்தும் விசையைக் காற்று செலுத்த வேண்டுமானால், காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீச வேண்டும். ஆற்றடிச் செடி அன்றாடம் புயலில் வாழ்கிறது என்றே சொல்லலாம்.

விறைப்பான பொருளின்மேல் இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும், மும்மடங்கானால் ஒன்பது. பாலத்தின் தூணுக்கு இந்தக் கணக்கு சரி. வளையும் பொருளுக்குச் சரிவராது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீவன் வோகல் என்ற உயிரியலாளர் 1980களில் இதை அளந்து காட்டினார். மர இலைகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தார். காற்று ஏற ஏற இலை தன்னைத்தானே கூம்பாகச் சுருட்டிக்கொண்டது. விசை நான்கு மடங்காக வேண்டிய இடத்தில் அதைவிட மிகக் குறைவாகவே ஏறியது. விரித்த குடையைப் பிடித்து நிற்பதற்கும் மடக்கிய குடையைப் பிடித்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இலை காற்றைப் பார்த்துத் தானே மடங்கிக்கொள்கிறது. பல செடிகளில் வேகம் இரட்டித்தால் விசையும் ஏறத்தாழ இரட்டிப்பதோடு நின்றுவிடுகிறது.

2002இல் நியூயார்க்கில் ஆல்பென், ஷெல்லி, ஜாங் ஆகிய மூவர் இன்னும் எளிய ஒரு சோதனை செய்தார்கள். கீழ்நோக்கி வழியும் சோப்புநீர்ப் படலத்தில் மெல்லிய கண்ணாடி இழை ஒன்றை நடுவில் பிடித்துக் குறுக்காக வைத்தார்கள். ஓட்டம் கூடக்கூட இழை வளைந்து வளைந்து ஒடுங்கியது. வளைவு நன்கு ஏறிய பிறகு, விசை வேகத்தின் மூன்றில் நான்கு என்ற அடுக்கில்தான் வளர்ந்தது. அதாவது வேகம் இரட்டித்தால் விசை இரண்டரை மடங்கு. அந்த இழைக்கு உயிர் இல்லை, வேர் இல்லை. வளையும் தன்மை ஒன்றே விதியை மாற்றப் போதுமானதாக இருந்தது. எனக்கு இந்தச் சோதனைமேல் தனி அன்பு உண்டு. ஒரு பெரிய கேள்வியை ஓர் இழைக்கும் ஒரு சோப்புப் படலத்துக்கும் சுருக்கி விடை வாங்கிவிட்டார்கள்.

2

வளைந்தது ஏன் மீண்டும் நிமிர்கிறது? நீருக்கடியில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தண்டின் விறைப்பு. மற்றொன்று மிதப்பு. நிலத்துச் செடி தன் எடையைத் தானே தாங்க மரச்சத்தைச் சேர்க்கிறது. நீர்ச்செடிக்கு அந்தச் செலவு வேண்டாம். அதன் இலைக்குள்ளும் தண்டுக்குள்ளும் காற்றறைகள் ஓடுகின்றன. அவையே அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. கையில் எடுத்தால் துவண்டு விழும் இலை நீருக்குள் நேராக நிற்பது இதனால்தான்.

நீரின் ஆழத்துக்கேற்ப மலரின் தண்டு நீளும் என்பதை வள்ளுவர் உவமையாக்கினார். அவர் சொன்னது நிற்கும் நீர். நீர் ஓடத் தொடங்கியதும் ஆழத்தோடு வேகமும் கணக்கில் சேர்கிறது. எம்ஐடியில் மித்துல் லுஹாரும் ஹைடி நெஃப்பும் 2011இல் இதைக் கணக்கிட ஒரு நல்ல வழி கண்டார்கள். ஒரு பக்கம் நீரின் இழுவிசை; எதிர்ப்பக்கம் விறைப்பும் மிதப்பும். இவற்றின் விகிதம் தெரிந்தால், வளைந்து கிடக்கும் நீண்ட இலை எவ்வளவு உயரமுள்ள விறைத்த இலைக்குச் சமம் என்று சொல்லிவிடலாம். அதைச் 'செயல்படு நீளம்' என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் இலை, மெல்லோட்டத்தில் ஒரு மீட்டராகவே நடந்துகொள்ளும். ஓட்டம் வலுத்தால் அது இருபது, முப்பது சென்டிமீட்டர் இலைபோல நடந்துகொள்ளலாம். செடி வெட்டப்படவில்லை, நீரின் பார்வையில் அது குட்டையாகிவிட்டது.

நம் கடலில் இதற்கு அழகான சான்று 'என்ஹாலஸ்' என்ற கடற்புல். நாடாபோன்ற இலை, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலம், ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். ஜோகூரின் மெராம்போங் திட்டில் அது விரிந்து கிடக்கிறது. நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் பக்கம் தெலுக் கெமாங்கிலும் கடற்புல் திட்டு உண்டு; செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தார் அதைப் பல ஆண்டுகள் ஆய்ந்திருக்கிறார்கள். கிள்ளான் கழிமுகத்தில் இதைத் தேட வேண்டாம். ஆறு கொண்டுவரும் சேற்றில் வெளிச்சம் அடிவரை இறங்குவதில்லை.

கடலில் ஓட்டம் ஒரே திசையில் போவதில்லை. அலை முன்னும் பின்னும் இழுக்கிறது. அங்கே இலையின் நீளமே காப்பாகிறது. அலை நீரை எவ்வளவு தூரம் தள்ளுகிறதோ அதைவிட இலை நீளமாக இருந்தால், இலை நீரோடு சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பிவிடுகிறது. நீருக்கும் இலைக்கும் இடையே வேக வேறுபாடு குறைவு. எனவே விசையும் குறைவு. கடற்பாசிகளில் இதை விரிவாக ஆராய்ந்தவர் மிமி கோல். பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளும் இப்படித்தான் ஆடுகின்றன. அங்கே கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022இல் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான்.

3

இதுவரை ஒற்றைச் செடியைப் பேசினேன். செடிகள் கூட்டமாக நிற்கும்போது புதிதாக ஒன்று பிறக்கிறது.

இங்கே செக்கிஞ்சான் நெல்வயல்களுக்குப் போகாதவர்கள் குறைவு. நெற்கதிர்மேல் காற்று அடிக்கும்போது வயல் முழுவதும் அலை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிய அறிஞர் இனோவே 1955இல் இந்த வயல் அலையை ஆராய்ந்து எழுதினார். கடற்புல் வெளியில் நீருக்கடியிலும் அதே அலை ஓடுகிறது என்று 1993இல் ஆக்கர்மனும் ஒக்குபோவும் காட்டினார்கள். கரையில் நிற்பவருக்கு இது செடிகளின் ஆட்டம். நீரியலாளருக்கு இது கண்ணுக்குத் தெரியாத சுழல்களின் தடம்.

நடப்பது இதுதான். புல்வெளிக்கு மேலே நீர் வேகமாக ஓடுகிறது. புல்லுக்குள் நீர் மெதுவாக ஊர்கிறது. இந்த இரண்டும் புல்லின் நுனிமட்டத்தில் உரசுகின்றன. வேகம் திடீரென மாறும் அப்படியொரு எல்லை நிலையாக நிற்காது. சிறு நெளிவு தோன்றினால் அது பெருகி, உருளையான சுழல்களாகச் சுருண்டுவிடும். சுழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டத்தின் திசையில் போகின்றன. ஒவ்வொன்றும் கடக்கும்போது நுனிகளை அழுத்துகிறது. கடந்ததும் நுனிகள் எழுகின்றன. நாம் அலை என்று பார்ப்பது இந்த அழுத்தமும் எழுச்சியும்.

ஆஸ்திரேலியாவில் ராப்பாக்கும் அவர் தோழர்களும் 1996இல் இந்த உறவைக் காற்றுக்கும் பயிருக்கும் நிறுவினார்கள். மார்க்கோ கிசால்பெர்ட்டியும் நெஃப்பும் 2002இல் ஆய்வகத் தொட்டியில் நெகிழிப் புல்லை நட்டு, நீரிலும் அது உண்டு என்று காட்டினார்கள். செடி அடர்த்தியாக இருந்தால்தான் இந்த உரசல் எல்லை உருவாகும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றால் அது வெறும் கரடான தரைதான்.

இந்தச் சுழல்களால் செடிக்கு வாழ்வு, நீருக்குத் தூய்மை. கரியமில வாயு நீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இலையைச் சுற்றி அசையாத நீர்ப்படலம் ஒன்று ஒட்டியிருந்தால், செடி பட்டினி கிடக்கும். சுழல் வந்து புதுநீரை உள்ளே தள்ளி, பழைய நீரை வெளியே வீசுகிறது. இலை படபடக்கும்போது அந்தப் படலமும் மெலிகிறது. ஆனால் அடர்ந்த புல்லில் சுழல் அடிமட்டம்வரை இறங்காது. மேற்பகுதியில் கொடுக்கல் வாங்கல், அடிப்பகுதியில் அமைதி. நீர் சுமந்துவந்த வண்டல் அந்த அமைதியில் இறங்கிப் படிகிறது; படிந்ததை மீண்டும் கிளப்பும் விசை அங்கே இல்லை. கிள்ளான் ஆற்றின் நிறத்தை நாளும் பார்க்கும் நமக்கு, வண்டலை இறக்கிவைக்கும் ஓர் ஏற்பாடு என்ன மதிப்புடையது என்று விளக்க வேண்டியதில்லை.

4

இனி ஆற்றுப் பொறியியலுக்கு வருகிறேன். அயர்லாந்தின் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்த சமன்பாடு இன்றும் எங்கள் அன்றாடக் கருவி. அதில் கால்வாயின் கரட்டுத்தன்மைக்கு ஓர் எண் உண்டு. வழவழப்பான கான்கிரீட்டுக்கு 0.013 முதல் 0.015 வரை எடுப்போம். செடி மண்டிய வாய்க்காலுக்கு அது 0.1ஐயும் தாண்டும். சரிவும் ஆழமும் ஒன்றாயிருக்க, எண் இரட்டித்தால் ஓடும் நீர் பாதியாகும். இந்தக் கணக்கைப் பார்க்கும் எந்தப் பொறியாளரும் செடியை வெட்டத்தான் சொல்வார். நானும் மாணவர்களுக்கு அப்படித்தான் முதலில் கற்றுக்கொடுப்பேன். ஏனென்றால் சமன்பாடு அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் 0.1 என்ற அந்த எண் எந்த ஓட்டத்தில் அளந்தது என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் ரீயும் பாமரும் புல் வளர்த்த வாய்க்கால்களில் நீரைத் திறந்துவிட்டு அளந்து 1949இல் வெளியிட்டார்கள். புல் நிமிர்ந்து நிற்கும் மெல்லோட்டத்தில் எண் மிகப் பெரிது. ஓட்டம் ஏறி, புல் மூழ்கி, அலைந்து, கடைசியில் தரையோடு படுத்ததும், அதே வாய்க்காலில் அதே புல்லுக்கு எண் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குறைந்தது. 1973இல் கனடாவில் கௌவனும் உன்னியும், புல் நிமிர்ந்தும் அலைந்தும் இருக்கும் நிலையையும் படுத்துவிட்ட நிலையையும் பிரித்து, தண்டின் விறைப்பைக் கொண்டே அந்த மாற்றத்தைக் கணக்கிட வழி செய்தார்கள். முதல் குறிப்பில் சொன்ன கண்ணாடி இழையின் விதி இங்கே ஒரு வாய்க்காலின் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது.

கோலாலம்பூரின் வரலாறு வேறு பாதையில் போனது. கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளம். மலையில் சரேலென இறங்கி, மஸ்ஜிட் ஜாமேக் அருகே கோம்பாக்கைச் சேர்த்துக்கொண்டு, பிறகு தட்டையான சமவெளியில் கடலை நோக்கிப் போகிறது. 1926இலும் 1971 ஜனவரியிலும் நகரம் மூழ்கியது. 1971க்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தி, ஆழப்படுத்தி, கரையைக் கட்டி, பத்து என்ற பெயருள்ள அணையையும் எழுப்பினார்கள். 2007இல் 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் வெள்ளநீர்ச் சுரங்கம் திறக்கப்பட்டது. இந்த வேலைகளை நான் குறை சொல்ல வரவில்லை. நெரிசலான நகரின் நடுவே, நிலமில்லாத இடத்தில், கான்கிரீட்டுக்கு மாற்று இல்லை. என் கவலை அந்தப் பெரிய ஆற்றைப் பற்றியதல்ல; அதில் சேரும் ஆயிரக்கணக்கான சிறு வடிகால்களைப் பற்றியது. தாமான் என்னும் குடியிருப்பு ஒன்று எழும்பும்போதே அதன் லோங்காங், அதாவது தெருவோர வடிகால், எல்லாம் வழவழப்பான கான்கிரீட்டாகிவிடுகிறது. சின்ன மழையும் பெரிய மழையும் ஒரே அவசரத்தில் ஆற்றை அடைகின்றன. ஒவ்வொரு வடிகாலும் தன் நீரை விரைவாக அனுப்பிவிட்டு நிம்மதியடைகிறது. எல்லா நீரும் ஒரே வேளையில் சேர்வது கீழே இருப்பவருக்குத்தான் தெரியும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் இருந்தவர்களைக் கேளுங்கள். புல் வாய்க்கால் இருந்திருந்தால் அந்த வெள்ளம் வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு மழையை எந்தப் புல்லும் தாங்காது. ஆண்டு முழுவதும் பெய்யும் சாதாரண மழைகளின் கணக்கையே சொல்கிறேன். அந்த மழைகளில் புல் நிமிர்ந்து நின்று நீரைத் தாமதப்படுத்தும், வண்டலைப் பிடிக்கும். பெருமழையில் படுத்து வழிவிடும். மதகு இல்லாமல், மின்சாரம் இல்லாமல், ஆள் இல்லாமல், மழைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கருவி வேறு எது நம்மிடம் இருக்கிறது?

நம் நீர்ப்பாசன வடிகால் துறை இதை உணராமல் இல்லை. 2000இல் வந்த 'மஸ்மா' கையேடு, நீரை விரட்டுவதை விட்டு, பெய்த இடத்திலேயே தாமதப்படுத்தச் சொல்கிறது. நிபோங் தெபாலில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2000களின் தொடக்கத்தில் புல் வாய்க்கால்களாலேயே தன் வடிகாலை அமைத்துக்கொண்டது. மேலே புல், அடியில் நீர் ஊடுருவி ஓடும் வழி. கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பள்ளி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய இடம் அது.

5

வரம்புகளையும் சொல்லியாக வேண்டும்.

வளையாத செடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வாய்க்காலுக்குள் மரக்கன்று முளைத்து, தண்டு கட்டையானால், அது பாலத்தூணின் விதிக்குப் போய்விடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதை வெட்டத்தான் வேண்டும். ஆகாயத் தாமரை மிதக்கும் செடி. அது வேறு கதை.

குப்பை இன்னும் பெரிய பகை. நெகிழிப் பையும் புட்டியும் புல்லில் சிக்கினால், புல் வளைய முடியாது. குப்பையோடு சேர்ந்து அது சுவராகிவிடும். கிள்ளான் ஆற்றில் மிதக்கும் குப்பையைப் பிடிக்க 2019இல் இன்டர்செப்டர் என்ற படகு கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. அது பிடிப்பதெல்லாம் மேலே ஏதோ ஒரு லோங்காங்கில் தொடங்கிய குப்பை. குப்பையை நிறுத்தாமல் புல்லை நடுவது வெள்ளத்தை அழைப்பதாகும். இதை நகராண்மைக் கழகங்களிடம் நான் ஒளிவுமறைவின்றிச் சொல்வேன்.

மூன்றாவது, ஓட்டம் வேண்டும். பகாங்கில் தாசேக் சினி ஏரியைப் பாருங்கள். 1995இல் சினி ஆற்றில் தடுப்பணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் கபோம்பா என்ற அயல்நாட்டு நீர்ச்செடி ஏரியில் பரவி, தாமரையின் இடத்தைப் பிடித்தது. படகு போகும் வழிகளை அடைத்தது. பஞ்சுபோல் மென்மையான செடி அது. விறைப்பென்று அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தள்ளிப் படுக்கவைக்க ஓட்டமில்லாத இடத்தில், மென்மையான செடியும் அடைப்புத்தான். அதன் துண்டொன்று ஒடிந்தால் அந்தத் துண்டும் வேர்விடும். எனவே வாய்க்காலுக்கு எந்தச் செடி என்பது அழகு பார்த்து எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது.

நிலச்செலவும் உண்டு. படுத்த புல்லின் எண்ணும் கான்கிரீட்டின் எண்ணைவிடப் பெரிதுதான். அதே வெள்ளத்தைக் கொண்டுபோகப் புல் வாய்க்கால் அகலமாக இருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த அகலத்துக்கு விலை என்னவென்று வீடு வாங்கிய எல்லோருக்கும் தெரியும். புதிய தாமான்களில், பள்ளி வளாகங்களில், கோயில் நிலங்களில், நெடுஞ்சாலையோரங்களில் இடம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம் என்கிறேன்.

இந்த அறக்கட்டளையிடமும் இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓட்டத்தோடு எண் மாறுவதைக் காட்ட ரீயும் பாமரும் தந்த வளைகோடுகள் அமெரிக்கப் புல்லுக்கும் மண்ணுக்கும் வெயிலுக்கும் உரியவை. நம் வாய்க்கால்களில் முளைப்பது மாட்டுப்புல். ஆண்டு முழுவதும் மழையில் வளர்வது, வெட்டிய சில வாரங்களில் மீண்டும் உயர்வது. அதை வெட்டும் முன்னும் வெட்டிய பின்னும், தூறலிலும் கொட்டும் மழையிலும் நாமே அளக்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு புல் வாய்க்காலின் மேற்கோடியிலும் கீழ்க்கோடியிலும் மட்டக்கோல், நடுவே ஓட்ட வேகமானி, மழைமானி ஒன்று, குறித்துவைக்கும் பொறுமை. படிவம் ஆறிலுள்ள மாணவரால் செய்ய முடிந்த வேலை. மேனிங் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் எண் கிடைத்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு புள்ளி. ஒரு பருவமழைக் காலம் முடிவதற்குள் வளைகோடு உருவாகிவிடும். தாமான் கட்டும் நிறுவனத்தின் வரைபடம் அடுத்த முறை நகராண்மைக் கழகத்துக்கு வரும்போது, கரட்டுத்தன்மை என்ற கட்டத்தில் 0.015 என்று எழுதி முடித்துவிடாமல், அந்த வளைகோட்டை இணைத்துக் கேட்க நமக்குச் சான்று இருக்கும். அளக்க முன்வரும் பள்ளிக்குக் கருவியை அமைத்துக்கொடுத்து, முதல் மழைக்கு உடன் நின்று கற்றுக்கொடுக்க நான் வருகிறேன்.